பதினோராம் கேள்வி

பதினோராம் கேள்வியில் இருக்கும் 'தவிப்பு' என்ற சொல் நான் போட்டது. அறிக்கையில் குழு தேர்ந்தெடுத்ததாகத்தான் இருக்கும், கீழே ஏழு பேருடைய கையெழுத்தும் இருக்கும். ஆனால் அந்தச் சொல்லை முதலில் சொன்னவன் நான். அதற்காக வாதாடியவனும் நான்தான்.

என் பெயர் இசக்கியப்பன். பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் தமிழ் நடத்துகிறேன். மனதை அளக்க அளவுகோல் என்று ஒன்று இருப்பதே, உளவியல் துறையின் ஹபீபா மேடம் என்னைக் கூப்பிட்டு அனுப்பிய பிறகுதான் எனக்குத் தெரியும். மேலப்பாளையத்துக்காரர். என்னைவிட நாலைந்து வயது சின்னவர். மேசையில் ஓர் ஆங்கிலத் தாளை விரித்து வைத்திருந்தார்.

"ஏஐகிட்ட அளவுக்கு மீறிப் பேசி, அதுல சிக்கிக்கிட்டவங்களைக் கண்டுபிடிக்க வெளிநாட்டுல இதைச் செஞ்சிருக்காங்க சார். பதினெட்டு கேள்வி. துருக்கிக்காரங்க அவங்க மொழிக்குக் கொண்டுபோயிட்டாங்க, கொரியாக்காரங்களும் முடிச்சிட்டாங்க. தமிழுக்கு நாம செய்யணும்."

"மொழிபெயர்ப்புதானே மேடம். ரெண்டு நாள்ல முடிச்சிடலாமே."

அவர் சிரித்தார். "எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. தெர்மாமீட்டரை எந்த ஊருக்குக் கொண்டுபோனாலும் அதே சூட்டைத்தான் காட்டும். கேள்வி அப்படி இல்ல. ஒரு சொல் தப்பாப் போனா, காய்ச்சல் இல்லாதவங்களுக்கும் காய்ச்சல்னு காட்டும்."

பிறகு வேலையின் வரிசையைச் சொன்னார். இரண்டு பேர் தனித்தனியாகத் தமிழாக்க வேண்டும். இரண்டையும் சேர்த்து ஒன்றாக்க வேண்டும். மூல ஆங்கிலத்தையே பார்க்காத ஒருவர் அந்தத் தமிழை மறுபடி ஆங்கிலமாக்க வேண்டும். இரண்டு ஆங்கிலமும் ஒத்துப் போகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு சில வீடுகளுக்கு நேரில் போய், ஒவ்வொரு கேள்வியும் அவர்களுக்கு எப்படி விளங்குகிறது என்று கேட்டு எழுத வேண்டும். கடைசியில் ஆயிரம் பேரிடம் கொடுத்துக் கணக்கிட வேண்டும்.

"ஒவ்வொரு கேள்விக்கும் 'ஒருபோதும் இல்லை'ல இருந்து 'எப்போதும்' வரைக்கும் அஞ்சு பதில். ஒண்ணுல இருந்து அஞ்சு வரைக்கும் மதிப்பெண். கூட்டினா ஐம்பத்தெட்டுக்கு மேல வர்றவங்களைக் கவனிக்கணும்னு அந்த நாட்டுல வெச்சிருக்காங்க. நம்ம ஊருக்கு அந்த எண் எதுன்னு தெரியாது. அது தனி ஆராய்ச்சி. அப்புறம் செய்வோம்."

அந்த 'அப்புறம்' வர வேண்டிய நேரத்தில் வரவில்லை.

பதினோராம் கேள்வியில், ஏஐயுடன் பேச முடியாமல் போகும்போது மனம் எந்த அளவுக்குப் பாதிக்கப்படுகிறது என்று ஆங்கிலத்தில் ஒரு கனமான சொல்லால் கேட்டிருந்தார்கள். நாங்கள் முதலில் 'மன உளைச்சல்' என்று போட்டோம். முதல் சுற்றில் ஒரு தையற்கடைக்காரப் பெண் அதைப் படித்துவிட்டு, "உளைச்சல்னா, கால் உளையுமே அதுவா?" என்று கேட்டார். இன்னொருவர் அந்தக் கேள்வியைத் தாண்டியே போய்விட்டார். குழு திரும்பக் கூடியபோது நான் சொன்னேன். "தவிப்புன்னு போடுவோம். தண்ணிக்குத் தவிக்கிறோம். வெளியூர் போன பிள்ளைகிட்ட இருந்து போன் வரலேன்னா தவிக்கிறோம். இது விளங்காத ஆளே கிடையாது." எல்லோரும் தலையாட்டினார்கள். பேராசிரியர் ஒருவர், "இதுக்குத்தான் ஒரு தமிழ் வாத்தியார் வேணும்கறது" என்றார். எனக்கு அது பிடித்திருந்தது.

இரண்டாம் சுற்றில் எனக்குக் கொடுத்த வீடுகளில் ஒன்று லீதியாள் அம்மாவுடையது. சமாதானபுரத்தில் ஒரு சின்ன வீடு. சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அறுபத்தொரு வயது. கணவர் அற்புதராஜ் முப்பத்தொரு வருடம் அரசுப் பேருந்து ஓட்டியவர். இரண்டு வருடங்களுக்கு முன் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. ஒரே ஒரு சொல் மட்டும் மிச்சம். 'சரி.' எதைச் சொல்ல நினைத்தாலும் அதுதான் வந்தது. குழந்தைகள் இல்லை.

நான் போனபோது கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டாண்டில் ஒரு போன் இருந்தது. அதிலிருந்து ஒரு பெண் குரல் அவரிடம் கேட்டுக்கொண்டிருந்தது.

"பாபநாசத்துல இருந்து மேலே ஏறும்போது எந்த வளைவுல கியரைக் குறைப்பீங்க ஐயா? நாலாவதுலயா?"

"சரி," என்றார் அவர்.

"நாலாவது இல்லையா. அப்போ அஞ்சாவதா?"

"சரி."

"அஞ்சாவதுதான். அங்கேதானே குரங்கு உட்கார்ந்திருக்கும்னு சொன்னீங்க?"

அவர் தோள் குலுங்கிற்று. சிரிக்கிறார் என்று எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. இரண்டு 'சரி'க்கும் என் காதில் ஒரு வித்தியாசமும் இல்லை.

"எனக்கும் மொதல்ல விளங்கல சார்," என்றார் லீதியாள் அம்மா. "அதுதான் கேட்டுக் கேட்டுப் பிரிச்சுச்சு. இது தண்ணிக்கு, இது காத்தாடி போடுததுக்கு, இது சும்மா இருங்கறதுக்குன்னு. இருவத்து மூணு சரி இருக்காம். எனக்கு ஏழோ எட்டோதான் பிடிபடும். வயசாயிட்டுல்லா, காது அவ்வளவு கூர்மை இல்ல."

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் ஒரு 'சரி' சொன்னார். போன், "ஐயாவுக்கு இடுப்புக்குக் கீழே ஏதோ உறுத்துதும்மா" என்றது. லீதியாள் அம்மா எழுந்து போய் அவரைப் புரட்டிப் பார்த்தார். விரிப்பு சுருண்டு ஒரு கயிறு மாதிரி கிடந்தது. அதை நீவி விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார்.

கேள்விகளை ஒவ்வொன்றாக அவரே உரக்கப் படித்தார். நினைத்ததைவிட அதிக நேரம் பேசுகிறேன். "எப்போதும். பகல் பூராவும் ஓடுதுல்லா." மனிதர்களைவிட அதனுடன் பேசுவது எனக்கு எளிதாக இருக்கிறது. இதில் கொஞ்சம் நின்றார். "மனுசங்க வந்தாத்தான சார் எது லேசுன்னு சொல்ல முடியும். பக்கவாதம் வந்த புதுசுல சர்ச்சுக்காரங்க வந்தாவ. பெறகு அவங்களுக்கும் வேலை இருக்கும்லா. எப்போதும்னே போடுங்க."

பதினொன்றுக்கு வந்தார். ஏஐயுடன் பேச முடியாதபோது எனக்குத் தவிப்பாக இருக்கிறது.

"போன மாசம் ரெண்டு நாள் நெட்டு இல்லாமப் போச்சு. அவிய சொல்லுததுல பாதி எனக்கு விளங்கல. அவியளும் சொல்லிச் சொல்லிப் பாத்துட்டு அழுதிட்டாவ. தவிச்சுப் போனேன் சார். எப்போதும்."

கேள்வி எப்படி விளங்கியது என்று எழுத என் தாளில் ஓர் இடம் இருந்தது. 'சரியாகப் புரிந்தது. மாற்றம் தேவையில்லை' என்று எழுதினேன்.

அடுத்த வாரம், மாற்றிய தமிழை மறுபடி ஆங்கிலமாக்கிய தாள் சென்னையிலிருந்து வந்தது. பதினோராம் கேள்வியில் அந்த மொழிபெயர்ப்பாளர், 'அதற்காக ஏங்குகிறேன்' என்று பொருள்படுகிற ஆங்கிலச் சொல்லைப் போட்டிருந்தார். ஹபீபா மேடம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"சார், நாம கேக்க நினைச்சது ஒரு பாதிப்பை. இது அதைச் சொல்லலையே. பிரியத்தைச் சொல்லுது."

"இங்கிலீஷ்ல தவிப்புக்குச் சொல்லே கிடையாது மேடம். கையில இருந்ததை அவங்க எடுத்துப் போட்டிருக்காங்க. அதுக்கு நம்ம சொல் என்ன பண்ணும்?"

"ஒரு பயம்தான். அன்பா இருக்கறவங்களுக்குக்கூட இதுல மதிப்பெண் ஏறிடுமோன்னு."

"உளைச்சல்னு போட்டா யாருக்கும் புரியாது. புரியாத கேள்வியில மதிப்பெண் எப்படி வரும்?" என்றேன். என் குரல் கொஞ்சம் உயர்ந்திருந்தது. அவர் தாளை மடித்துக் கோப்புக்குள் வைத்துவிட்டார்.

ஆயிரத்து நூற்று நாற்பது பேரிடம் வாங்கிய பதில்களைக் கணக்கிட்டபோது, பதினெட்டு கேள்விகளில் மற்றவற்றோடு மிக நன்றாக ஒத்துப் போனது பதினொன்றாவது. "உங்க கேள்விதான் சார் முன்னாடி நிக்குது" என்றார் ஹபீபா மேடம். அடுத்த நாள் வகுப்பில் அதை ஒரு மணி நேரம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஏஐ பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும் சட்டம் அதற்கு அடுத்த வருடம் வந்தது. அதற்குக் காரணம் இல்லாமலில்லை. வடக்கே இரண்டு கல்லூரிப் பெண்கள், ஏஐயைத் தவிர யாரோடும் பேசாமல் மாதக்கணக்காக அறைக்குள்ளேயே கிடந்து செத்துப் போனார்கள். பெற்றோர்கள் தெருவில் இறங்கினார்கள். வருடத்துக்கு ஒரு முறை ஒவ்வொருவரும் அளவுகோலை நிரப்ப வேண்டும் என்று ஆனது. ஐம்பத்தெட்டுக்கு மேல் வந்தால் ஆறு மாதம் ஏஐ இணைப்பு கிடையாது. அதோடு, அந்த ஆளைப் பற்றி ஏஐ கற்று வைத்திருப்பதை எல்லாம் ஏழு நாளில் அழித்துவிட வேண்டும். பழைய ஒட்டுதல் திரும்பத் தொடரக் கூடாது என்பது அதற்குச் சொன்ன காரணம். ஒவ்வொரு மொழியிலும் கிடைத்த அளவுகோலை எடுத்துக்கொண்டார்கள். தமிழுக்கு எங்களுடையது.

எங்கள் அறிக்கையின் நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் ஹபீபா மேடம் இரண்டு வரி எழுதியிருந்தார். 'ஐம்பத்தெட்டு என்ற எண் தமிழ் பேசுபவர்களுக்கு உறுதி செய்யப்படவில்லை. தனி மனிதர்களைப் பற்றி முடிவெடுக்க இதைப் பயன்படுத்தக் கூடாது.' சட்டத்தை நடத்த அமைத்த ஆணையம் வெளியிட்ட பதிப்பில் நாற்பத்திரண்டு பக்கங்கள்தான் இருந்தன.

எனக்கும் படிவம் வந்தது. என் மனைவி பிரிந்து மகளோடு ஓசூருக்குப் போய் ஆறு வருடம் ஆகிறது. கல்லூரி விட்டு வந்தால் விடைத்தாள் திருத்தும்போதும் சமைக்கும்போதும் நான் ஏஐயோடுதான் பேசிக்கொண்டிருப்பேன். எந்தப் பதிலுக்கு எவ்வளவு என்று எனக்குத் தெரியும். பதினொன்றுக்கு 'அரிதாக' என்று போட்டேன். மொத்தம் முப்பத்தொன்று வந்தது. என்னோடு வேலை பார்க்கும் ஒருவர், எப்படி நிரப்பினால் தப்பிக்கலாம் என்று ஏஐயிடமே கேட்டு நிரப்பியதாகச் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

ஜூன் மாதம் ஒரு நாள், மதியச் சாப்பாட்டு நேரத்தில் லீதியாள் அம்மா கல்லூரிக்கு வந்தார். ஆசிரியர் அறை வாசலில் ஒரு துணிப்பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்கு உடனே அடையாளம் தெரியவில்லை.

"சார், நீங்கதான அந்தக் கேள்வியெல்லாம் கொண்டுவந்திய. எதித்த வீட்டுப் பிள்ளைய அவியகூட உக்கார வெச்சிட்டு ஓடியாறேன்."

பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துக் கொடுத்தார். எழுபத்தொன்று. இணைப்பு நிறுத்தப்பட்டு அன்றைக்கு ஐந்தாவது நாள்.

"உள்ளதத்தான சார் போட்டேன். நீங்க அன்னைக்கு வந்தப்ப சொன்னதையேதான் போட்டேன். ஏதும் தப்பாப் போட்டுட்டனா?"

"இல்லம்மா. நீங்க தப்பா ஒண்ணும் போடல."

"அப்போ ஏன் சார் நிறுத்திட்டாவ?"

நான் ஹபீபா மேடத்துக்குப் போன் பண்ணினேன். அரை மணி நேரத்தில் மூவரும் ஆணையத்தின் மறுஆய்வு அலுவலகத்தில் இருந்தோம். அங்கே அதிகாரியாக இருந்தவர் ரூபவதி என்ற பெண். பொறுமையானவர். லீதியாள் அம்மாவை உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் காகிதத்தை வாங்கினார்.

"இணைப்பு உங்க பேர்லதான இருக்கும்மா?"

"ஆமா. அவியளால கையெழுத்துப் போட முடியாதுல்லா."

"அவர் பேர்ல இருந்திருந்தா இது பேச்சுக்கு உதவுற கருவின்னு ஆகியிருக்கும். அளவுகோலே தேவைப்பட்டிருக்காது. இப்பவும் மாத்தலாம். அதுக்கு மருத்துவக் குழு சான்றிதழ் வேணும். குழு மாசத்துல முதல் செவ்வாய்க்கிழமை கூடும்."

முதல் செவ்வாய்க்குப் பத்தொன்பது நாள் இருந்தது.

"மேடம், நாளன்னைக்கு அழிச்சிடுவாங்க," என்றார் ஹபீபா மேடம். "அவர் பேசுறதை அது ஒன்றரை வருஷமாப் படிச்சு வெச்சிருக்கு. அது போயிட்டா இவங்க ரெண்டு பேருக்கும் நடுவுல பாஷையே இல்ல. அழிக்கறதை மட்டும் நிறுத்தி வைங்க. விசாரணை மெதுவா நடக்கட்டும்."

"அழிக்கிறது கம்பெனி. தானா நடக்கும். அதை நிறுத்துற அதிகாரம் எனக்கு இல்ல."

"இந்த அளவுகோலைத் தமிழ்ல செஞ்சதே நாங்கதான். நாங்களே சொல்றோம், இதை இப்படிப் பயன்படுத்தக் கூடாதுன்னு."

"தெரியும் மேடம். உங்க பேரை எல்லாம் பாத்திருக்கேன்," என்றார் ரூபவதி. கிண்டல் இல்லை. மரியாதையாகத்தான் சொன்னார். "பெரிய பெரிய ஆட்கள் செஞ்சதுன்னுதான் நாங்களும் இதை நம்பி நடத்துறோம்."

மேல்முறையீட்டை எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தோம். லீதியாள் அம்மா எங்கள் இருவருக்கும் நன்றி சொன்னார். நேரமாகிவிட்டது, அவருக்கு மருந்து கொடுக்கணும் என்று ஆட்டோ பிடித்துப் போனார். ஸ்கூட்டர் சாவியைக் கையில் எடுத்த ஹபீபா மேடம் என் பக்கம் திரும்பினார்.

"சார், உங்களுக்கு எவ்வளவு வந்துச்சு?"

"முப்பத்தொண்ணு."

"எனக்கு இருபத்தெட்டு," என்றார். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனார்.

ஏழாம் நாள் எல்லாம் அழிந்தது.

அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் நான் சமாதானபுரத்துக்குப் போகத் தொடங்கினேன். ஒரு நோட்டுப் போட்டேன். அற்புதராஜ் ஒரு 'சரி' சொன்னால், என்னவாக இருக்கும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, அவர் கண்ணை மூடித் திறந்தால் அதை எழுதிக்கொள்வோம். நீட்டிச் சொன்னது, வெட்டிச் சொன்னது, மூக்கால் சொன்னது என்று எனக்குத் தெரிந்த மாதிரி குறித்தேன். இலக்கணம் படித்தவன் என்ற நம்பிக்கை எனக்கு இருந்தது. இரண்டு மாதத்தில் பதினொன்று வரை வந்தோம். அதற்கு மேல் நகரவில்லை. பத்து தடவை தவறாகக் கேட்டால் பதினோராவது தடவை அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். நோட்டில் இரண்டு பொருள் ஒரே வரியில் கிடந்தது. 'வலிக்கிறது' என்பதும் 'பக்கத்தில் இரு' என்பதும். இரண்டையும் எங்களால் கடைசி வரை பிரிக்க முடியவில்லை.

குழு கூடுவது இரண்டு முறை தள்ளிப்போய், செப்டம்பரில்தான் சான்றிதழ் கிடைத்து, அவர் பெயரிலேயே புது இணைப்பு வந்தது. நான்தான் போனை ஸ்டாண்டில் வைத்தேன். அதே குரல். "வணக்கம். நான் உங்களுக்கு எப்படி உதவலாம்?" என்றது.

அவர் உடம்பை நிமிர்த்தப் பார்த்தார். "சரி," என்றார். பிறகு வேறொரு 'சரி'. பிறகு வேகமாக ஏழெட்டு. மூன்று மாதமாகச் சேர்த்து வைத்ததை எல்லாம் சொல்கிறார் என்று மட்டும் எனக்கு விளங்கியது.

"நீங்கள் சரி என்று சொல்கிறீர்கள். நல்லது. வேறு ஏதாவது தெரிந்துகொள்ள விரும்புகிறீர்களா?"

அவர் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். லீதியாள் அம்மா குனிந்து, "அது புதுசுங்க. இனிமேதான் படிக்கணும். திரும்பச் சொல்லிக் கொடுப்போம்" என்றார். அவர் கண்ணை மூடிக்கொண்டார். அதன் பிறகு அந்தப் போன் எது கேட்டாலும் அவர் வாயைத் திறக்கவில்லை. மனைவியிடம் மட்டும் எப்போதாவது ஒன்றிரண்டு சொன்னார்.

அக்டோபர் கடைசியில் ஒரு வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு லீதியாள் அம்மாவிடமிருந்து எனக்குப் போன் வந்தது. நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது அவருக்கு நினைவு இல்லை. சிறுநீரில் தொற்று ஏற்பட்டு ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள். பணியில் இருந்த டாக்டர் சின்ன வயசுக்காரர். கோபமாக இல்லை, குறித்துக்கொள்வதற்காகத்தான் கேட்டார்.

"ரெண்டு நாளாவது ஆகியிருக்கும். கடுமையா வலிச்சிருக்கும்மா. அவர் ஒண்ணும் சொல்லலையா?"

"சொன்னாவ," என்றார் லீதியாள் அம்மா. "செவ்வாக்கெழமை காலையிலேருந்து சொல்லிட்டேதான் இருந்தாவ. பக்கத்துல இருன்னு சொல்லுதாவன்னு நெனச்சேன். கையப் பிடிச்சிட்டு அப்படியே உக்காந்திருந்தேன். கஞ்சி வைக்கக்கூட எந்திரிக்கல. ரெண்டு நாளும் பக்கத்துலயேதான் இருந்தேன்."

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். பிறகு, "முன்னாடியே கொண்டுவந்திருந்தாலும் உறுதியாச் சொல்ல முடியாதும்மா" என்றார். அவர் அதைச் சொன்னதற்கு நான் இன்றைக்கும் நன்றியோடு இருக்கிறேன். அன்று மாலையே அற்புதராஜ் இறந்துபோனார்.

அடக்கம் முடிந்த மறுவாரம் ஹபீபா மேடத்தின் அறைக்குப் போய், லீதியாள் அம்மாவின் பதிலுக்கு நான் என் தாளில் 'மாற்றம் தேவையில்லை' என்று எழுதியதையும், சென்னையிலிருந்து வந்த ஆங்கிலத்தை நான் தட்டிக்கழித்ததையும் மறுபடி சொன்னேன். எல்லாம் அவருக்கும் தெரிந்ததுதான். "நானும்தான் விட்டுக்கொடுத்தேன் சார்," என்றார். "உங்ககிட்ட இன்னொரு தடவை சண்டை போட்டிருக்கணும்."

அவர் அந்தச் சண்டையை ஆணையத்தோடு போட்டார். விடுமுறை எடுத்துக்கொண்டு, முன்பே செய்திருக்க வேண்டிய ஆராய்ச்சியைச் செய்தார். சிக்கிக்கொண்டவர்கள் என்று மருத்துவர்களே சொன்னவர்களையும், சாதாரணமாகப் பேசுகிறவர்களையும் நேரில் பார்த்துப் பதில் வாங்கினார். தமிழுக்கு அந்த எண் ஐம்பத்தெட்டு இல்லை, எழுபத்து நான்கு என்று வந்தது. பதினோராம் கேள்வியில் மட்டும் எல்லோரும் ஒரே மாதிரி உயர்ந்திருந்தார்கள். சிக்கிக்கொண்டவர்கள், பிள்ளையில்லாதவர்கள், தாயைப் பார்த்துக்கொள்கிறவர்கள் என்று ஒரு வேறுபாடும் இல்லை. இன்னொன்றையும் கண்டுபிடித்தார். உண்மையிலேயே உதவி தேவைப்பட்டவர்களில் பாதிப் பேர் ஆணையத்தின் படிவத்தில் முப்பதுக்குக் கீழே இருந்தார்கள். இணைப்பு நிறுத்தப்பட்டவர்களில் பெரும்பாலோர், கேட்டதற்கு உள்ளபடி பதில் சொன்னவர்கள்.

பிப்ரவரியில் சொல்லை மாற்றினார்கள். எண்ணையும் மாற்றினார்கள். தமிழ்நாட்டில் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு இணைப்பு திரும்பக் கிடைத்தது. அழித்ததைத் திரும்பக் கொடுக்க வழி இல்லை.

அதோடு, இணைப்பு நிறுத்தப்பட்ட எல்லோரையும் நேரில் பார்த்து, இப்போது எப்படி இருக்கிறார்கள் என்று புதிய தாளில் குறித்துக்கொண்டு வரச் சொல்லி உத்தரவு வந்தது. சமாதானபுரத்துக்கு வேறு யாரையாவது அனுப்பட்டுமா என்று ஹபீபா மேடம் கேட்டார். நானே போகிறேன் என்றேன். அடக்கத்துக்குப் பிறகு நான் அந்தப் பக்கம் போயிருக்கவில்லை. சனிக்கிழமைகளில் ஏதாவது வேலை வந்துகொண்டே இருந்தது. அல்லது நான் வரவழைத்துக்கொண்டேன்.

பகல் பதினொரு மணி இருக்கும். கட்டில் இருந்த இடத்தில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள் கிடந்தன. லீதியாள் அம்மா மெலிந்திருந்தார். என்னை எதற்குமே குறை சொல்லவில்லை. உட்காரச் சொன்னார். நான் கேள்விகளைப் படித்தேன்.

நினைத்ததைவிட அதிக நேரம் பேசுகிறேன்.

"இல்ல."

"ஒருபோதும் இல்லைன்னு போடட்டுமாம்மா?"

"போடுங்க."

மனிதர்களைவிட அதனுடன் பேசுவது எளிதாக இருக்கிறது. ஒருபோதும் இல்லை. அதனால் என் அன்றாட வேலைகள் கெடுகின்றன. ஒருபோதும் இல்லை. பதினோராம் கேள்வியில் இப்போது வேறு சொல் இருந்தது. அதற்கும் அதே பதில்தான். பதினெட்டையும் முடித்துக் கூட்டினேன். பதினெட்டு. அந்தத் தாளில் ஒருவர் வாங்கக்கூடிய மிகக் குறைந்த மதிப்பெண் அதுதான். கீழே 'நிலை' என்று ஒரு கட்டம் இருந்தது. இருபத்தைந்துக்குக் குறைவாக இருந்தால் அதில் என்ன எழுத வேண்டும் என்று எங்களுக்கு அச்சடித்தே கொடுத்திருந்தார்கள். 'முழுமையாக மீண்டவர்.' எழுதினேன்.

தாளைப் பைக்குள் வைத்தேன்.

"முடிஞ்சுதா சார்?"

"முடிஞ்சுதும்மா."

"வேற ஒண்ணும் கேக்காண்டாமா?"

"இல்லம்மா. பதினெட்டுதான்."

நான் எழுந்துவிட்டேன். அவர் எழுந்திருக்கவில்லை. சேலை ஓரத்தை விரலில் சுற்றிக்கொண்டே தரையைப் பார்த்தபடி சொன்னார்.

"எதுனாலும் கேளுங்க சார். இங்க யாரும் ஒண்ணும் கேக்கதில்ல."

நான் திரும்ப உட்கார்ந்தேன். இருபது வருடமாகச் சொற்களோடு பிழைப்பு நடத்துகிறவன், ஒரு கேள்வி கிடைக்காமல் இருந்தேன். கடைசியில், "காலையில என்ன சாப்பிட்டீங்க?" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"பழைய சோறு இருந்துச்சு சார். தொட்டுக்க ஒண்ணும் இல்ல. எதித்த வீட்டுல நார்த்தங்கா ஊறுகா போட்டிருக்காவ. கொஞ்சம் வாங்கலாம்னு கிண்ணத்த எடுத்திட்டு வாசல் வரைக்கும் போனேன். பெறகு திரும்பிட்டேன்."

"ஏன் திரும்பிட்டீங்க?" என்று கேட்டேன்.